ஐபோன், ஆண்ட்ராய்டு, விண்டோஸ் மூன்றும் புழங்கும் குடும்பத்துக்கு எந்தச் செய்திச் சேவை ஒத்துவரும்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். மகன் அமெரிக்காவில் ஐபோன் வைத்திருக்கிறார், நண்பர்களோடும் உறவினர்களோடும் ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜில்தான் பேசுகிறார். ஊரில் உங்கள் வீட்டில் எல்லோரிடமும் ஆண்ட்ராய்டு கைபேசி, அலுவலகத்தில் விண்டோஸ் கணினி. நீங்கள் விரைவில் ஐபோனுக்கு மாறப்போகிறீர்கள். இவ்வளவுக்கும் ஐமெசேஜ் ஒன்றே போதுமா, போதாதென்றால் எதைப் பயன்படுத்துவது என்பது உங்கள் கேள்வி.

ஐமெசேஜ் போதாது. வாட்ஸ்அப் போதும், ஆனால் பழைய உரையாடல்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டு மாற வேண்டும். அலுவலகக் கணினிகளையும் கைபேசிகளையும் பராமரிக்கும் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. செய்தி அனுப்ப முடியவில்லை என்று வருபவர்கள் மிகக் குறைவு. புதுக் கைபேசிக்கு மாறியதும் பல வருடச் செய்திகளும் படங்களும் போய்விட்டன என்று வருபவர்களே அதிகம்.

ஐமெசேஜ் 2011இல் ஐஓஎஸ் 5 உடன் வந்தது. இன்றுவரை ஆப்பிள் கருவிகளில் மட்டுமே இயங்குகிறது. ஆண்ட்ராய்டுக்கு அதைக் கொண்டுவருவது தொழில்நுட்ப அளவில் முடியாத காரியம் அல்ல. விளையாட்டுச் செயலிகள் தயாரிக்கும் எபிக் கேம்ஸ் நிறுவனத்துடனான வழக்கு 2021இல் விசாரணைக்கு வந்தபோது ஆப்பிளின் உள் மின்னஞ்சல்கள் சில வெளியாயின. 2013லேயே ஆப்பிளின் மூத்த அதிகாரி எடி கியூ ஆண்ட்ராய்டுக்கும் ஐமெசேஜ் வேண்டும் என்று வாதாடியிருக்கிறார். அப்படிச் செய்தால், ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கிக்கொடுக்க இருக்கும் தடை நீங்கிவிடும் என்று அங்கே மென்பொருள் பிரிவுக்குத் தலைவரான கிரெய்க் ஃபெடரிகி எதிர்த்திருக்கிறார். தன் தாய்க்குக் காணொளி சரியாக அனுப்ப முடியவில்லை என்று 2022இல் ஒரு மேடையில் ஒருவர் சொன்னபோது, அம்மாவுக்கு ஒரு ஐபோன் வாங்கிக்கொடுங்கள் என்பதே ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த டிம் குக்கின் பதிலாக இருந்தது. ஆக, தெரிந்தே எழுப்பிய சுவர் இது. அது தானாக விழும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

சுவரில் ஓட்டை போட முயன்றவர்களும் உண்டு. 2023 டிசம்பரில் பீப்பர் மினி என்ற செயலி, ஐமெசேஜ் செய்திகளைப் பரிமாறும் முறையை ஆராய்ந்து, ஆண்ட்ராய்டிலிருந்தே ஐமெசேஜுக்கே உரிய நீலக் குமிழியில் செய்தி அனுப்ப வழி செய்தது. சில நாட்களிலேயே ஆப்பிள் அதை அடைத்துவிட்டது. இது புதிதும் அல்ல. 1999இல் மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்என் மெசஞ்சரை போட்டி நிறுவனமான ஏஓஎல்லின் செய்திச் சேவைப் பயனர்களோடும் பேசவைக்க முயன்றது; ஏஓஎல் தடுத்தது, மைக்ரோசாஃப்ட் வேறு வழி கண்டுபிடித்தது, ஏஓஎல் மறுபடியும் தடுத்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் மைக்ரோசாஃப்ட் முயற்சியைக் கைவிட்டது. அதனால்தான் ஐமெசேஜை ஆண்ட்ராய்டில் தருகிறோம் என்று சொல்லும் எந்தச் செயலியையும் குடும்பத் தொடர்புக்கு நம்பாதீர்கள் என்கிறேன். இன்று இயங்கலாம், நாளை நிற்கலாம். தவிர, உங்கள் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்ற கேள்வியும் இருக்கிறது. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் ஃபோன் லிங்க் என்ற செயலி 2023 முதல் ஐபோனின் செய்திகளை ப்ளூடூத் வழியாகக் காட்டுகிறது. ஐபோன் பக்கத்திலேயே இருக்க வேண்டும், குழு உரையாடல்கள் வராது என்ற வரம்புகளோடுதான் அந்த வசதி வந்தது. தனிச் செய்தி ஒன்றுக்கு அவசரமாகப் பதில் போட உதவும், அவ்வளவுதான்.

மகனுக்கு ஐமெசேஜ் இயல்பாக இருப்பதும் உங்களுக்கு வாட்ஸ்அப் இயல்பாக இருப்பதும் ரசனை வேறுபாடு அல்ல. அமெரிக்காவில் குறுஞ்செய்திகள் மாதக் கட்டணத்துக்குள்ளேயே அளவின்றிக் கிடைக்கத் தொடங்கியதால், கைபேசியோடு வந்த செய்திச் செயலியை விட்டு வெளியேற அங்கே யாருக்கும் தேவை ஏற்படவில்லை. நம் ஊரில் அந்தக் காலத்தில் தீபாவளியன்றும் புத்தாண்டன்றும் எஸ்எம்எஸ் பேக் செல்லாது, ஒவ்வொரு வாழ்த்துக்கும் முழுக் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள். 2011இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒரு சிம்முக்கு நாளொன்றுக்கு நூறு செய்திகள் என்று உச்சவரம்பு வைத்து, பிறகு அதை இருநூறாக்கியது. அந்த நேரத்தில் நோக்கியாவின் சிம்பியன், பிளாக்பெர்ரி, ஐபோன், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடிய, கைபேசி எண் ஒன்றை மட்டும் கேட்ட வாட்ஸ்அப் வீடு வீடாக நுழைந்தது. எந்த நிறுவனத்தின் கைபேசி என்று பார்க்காததுதான் அதன் பலம். பிளாக்பெர்ரி மெசஞ்சர் 2005லேயே வந்த நல்ல சேவை. ஆனால் 2013 அக்டோபரில்தான் அது ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் வந்தது. அதற்குள் மக்கள் வேறிடத்தில் கூடிவிட்டார்கள். 2019 மே மாதத்தோடு அதன் பொதுச் சேவை மூடப்பட்டது.

எஸ்எம்எஸ்ஸுக்கு அடுத்த கட்டமாக வந்த ஆர்சிஎஸ் என்ற செய்தி முறை பற்றியும் ஒரு வார்த்தை. 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18 வழியாக ஐபோனுக்கு அது வந்தபின், ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையே தெளிவான படங்கள் போகின்றன, எதிரில் இருப்பவர் தட்டச்சு செய்வதும் படித்துவிட்டதும் தெரிகின்றன. ஆனால் இருபக்கத் தொலைபேசி நிறுவனங்களும் அதை ஆதரிக்க வேண்டும். வந்தபோது இவ்விரு வகைக் கைபேசிகளுக்கு இடையே முனைக்கு முனை மறையாக்கமும், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்வதும், அதில் இல்லை. அதற்கான தரநிலை 2025 மார்ச்சில்தான் வெளியானது. கண்டம் விட்டுக் கண்டம் இருக்கும் குடும்பம் ஒன்று இப்போதைக்கு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

இனி வாட்ஸ்அப். கணினியில் அதைப் பயன்படுத்துவது இன்று எளிது. 2015 ஜனவரியில் வாட்ஸ்அப் வெப் வந்தபோது ஐபோன்காரர்களுக்கு அது கிடைக்கவில்லை, சில மாதங்கள் கழித்தே கிடைத்தது. அப்போதெல்லாம் கைபேசியில் இணையம் நின்றால் கணினியிலும் நின்றுவிடும். 2021இல் தொடங்கிய பல்சாதன வசதிக்குப் பிறகு, ஒரு கைபேசியோடு நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம், கைபேசி அணைந்திருந்தாலும் அவை இயங்கும். கைபேசியை 14 நாட்களுக்கு மேல் பயன்படுத்தாவிட்டால் மட்டும் இணைப்புகள் அறுந்துவிடும். ஐபேடுக்கான தனிச் செயலி 2025இல்தான் வந்தது. அலுவலக விண்டோஸில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து இணைத்துவிட்டு, வேலையை விட்டு விலகும் நாளில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலுக்குப் போய் அந்தக் கணினியை நீக்கிவிடுங்கள்.

உண்மையான கவனம் தேவைப்படுவது நீங்கள் ஐபோனுக்கு மாறும் அன்றுதான். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பின் காப்புப்பிரதி கூகுள் கணக்கில் சேர்கிறது, ஐபோனில் ஐகிளவுடில் சேர்கிறது. ஒன்றிலிருந்து மற்றதில் மீட்டெடுக்க முடியாது. ‘பேக்கப் இருக்கிறதே’ என்ற தைரியத்தில் பழைய கைபேசியை அழித்துக் கொடுத்துவிட்டு வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான். முறையான வழி 2022இல் வந்தது: பழைய ஆண்ட்ராய்டில் ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலியை நிறுவ வேண்டும், இரண்டு கைபேசிகளும் ஒரே வைஃபையிலும் மின்னேற்றியிலும் இருக்க வேண்டும், ஐபோனின் திரையில் தோன்றும் எண்ணைப் பழைய கைபேசியில் இட வேண்டும், மாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது தரவுகளைத் தயார் செய்து முடிக்கும்வரை திரையை விட்டு வெளியேறக் கூடாது. பிறகு ஐபோனில் அதே கைபேசி எண்ணைக் கொண்டு நுழைந்தால் பழைய உரையாடல்கள் வந்து சேரும்.

வாட்ஸ்அப் தரும் வழிமுறையின்படி, இதெல்லாம் நடக்க ஐபோன் பெட்டியிலிருந்து எடுத்த நிலையில், இன்னும் அமைக்கப்படாமல் இருக்க வேண்டும். என் உறவினர் ஒருவர் வாங்கிய கடையில் உதவி செய்வதாக எண்ணி ஐபோனை அங்கேயே அமைத்து, வாட்ஸ்அப்பையும் நிறுவி, ஓடிபி வரை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது குழுக்களின் பெயர்கள் இருந்தன, உள்ளே ஒரு செய்தியும் இல்லை. நல்ல வேளையாகப் பழைய கைபேசியை அவர் கடையில் கொடுக்கவில்லை. ஐபோனை முழுவதும் அழித்து முதலிலிருந்து தொடங்கிய பிறகே, காலமான அவருடைய அம்மா அனுப்பிய குரல் செய்திகள் திரும்பக் கிடைத்தன. அவருக்கு அந்தக் கைபேசியின் விலையைவிட அந்தக் குரல் பெரிது. ஆகவே கடையில் பெட்டியைப் பிரித்துச் சரிபார்க்கட்டும், அமைக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

டெலிகிராமில் இந்தத் தொல்லை கிடையாது. செய்திகள் அதன் சேவையகத்திலேயே இருப்பதால் எந்தக் கருவியில் நுழைந்தாலும் எல்லாம் இருக்கும். ஆனால் அதன் சாதாரண உரையாடல்கள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டவை அல்ல. அப்படிச் செய்யப்பட்ட ரகசிய உரையாடல்கள் தொடங்கிய கருவியை விட்டு நகராது. பெரிய கோப்புகளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுப் பேச்சுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

மகனிடம் இரண்டு விஷயங்கள் சொல்லுங்கள். குடும்பக் குழு வாட்ஸ்அப்பில் இருக்கட்டும். நீங்கள் ஐபோன் வாங்கிவிட்டீர்கள் என்பதற்காக அதை ஐமெசேஜுக்கு மாற்றினால், ஆண்ட்ராய்டில் இருக்கும் வீட்டார் அதில் சேர முடியாமல் வெளியே நிற்பார்கள். என்றாவது அவர் ஆண்ட்ராய்டுக்கு மாறினால், சிம்மைக் கழற்றுவதற்கு முன் ஐபோனின் அமைப்புகளில் ஐமெசேஜை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால், ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பும் செய்திகள் தொடர்ந்து ஐமெசேஜுக்கே போய், புதிய கைபேசிக்கு வராமல் நின்றுவிடக்கூடும். கைபேசியை ஏற்கெனவே விற்றுவிட்டால், எண்ணை ஐமெசேஜிலிருந்து விடுவிக்க ஆப்பிள் 2014 நவம்பரில் தொடங்கிய இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது; அதில் எண்ணைக் கொடுத்து, குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டை இட்டால் போதும்.