எம்.டி. விலகினால் டெபாசிட்டை எடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 8 லட்சம் ரூபாயை ஒரு சிறிய தனியார் வங்கியில் டெபாசிட் செய்திருக்கிறேன். அந்த வங்கியின் பங்குகளும் கொஞ்சம் இருக்கின்றன. எம்.டி. திடீரென ராஜினாமா செய்துவிட்டார். பணத்தை எடுத்துவிடலாமா?

பதில்: டெபாசிட்டையும் பங்கையும் சேர்த்து யோசிக்காதீர்கள். வங்கி தடுமாறினால் இரண்டுக்கும் ஒரே கதி நேர்வதில்லை.

கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியையே பாருங்கள். 2020 மார்ச்சில் அது கொடுத்த கடன்களில் 25 சதவீதத்துக்கு மேல் வாராக்கடன். மூலதன விகிதம், அதாவது நஷ்டத்தைத் தாங்க வங்கி வைத்திருக்கும் சொந்தப் பணத்தின் அளவு, வெறும் 1.12 சதவீதம். செப்டம்பரில் நடந்த பொதுக்கூட்டத்தில் எம்.டி. உட்பட ஏழு இயக்குநர்களைப் பங்குதாரர்களே வாக்களித்து வெளியேற்றினார்கள். நவம்பர் 17-ல் கட்டுப்பாடு வந்தது. 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. பத்தே நாளில் சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவுடன் இணைத்துவிட்டார்கள். டெபாசிட் பணம் முழுதாகத் தப்பியது. பங்குகளோ அடியோடு ரத்து. பரம்பரையாக வைத்திருந்தவருக்கும் முந்தின வாரம் வாங்கியவருக்கும் ஒரு பைசா கிடைக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

எம்.டி. விலகியதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆண்டறிக்கையின் பின்பகுதியில், கணக்குக் குறிப்புகளில் 'டைவர்ஜென்ஸ்' என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். வங்கி சொன்ன வாராக்கடனுக்கும் ரிசர்வ் வங்கி சோதித்துக் கண்டதற்கும் உள்ள வித்தியாசம் அது. 2015-16-க்கு யெஸ் வங்கி காட்டியது சுமார் 749 கோடி. ரிசர்வ் வங்கி கணக்கில் சுமார் 4,926 கோடி! 2017-லேயே இது வெளியே வந்துவிட்டது. வங்கி முடங்கியது 2020 மார்ச்சில்தான். அப்புறம், ஆடிட்டர் பாதியில் விலகினாரா, மூலதன விகிதம் வருடா வருடம் இறங்குகிறதா என்றும் பாருங்கள். இவை சரியில்லையென்றால் பங்கை விற்றுவிடுங்கள். பங்குக்குக் காப்பீடு கிடையாது.

டெபாசிட்டுக்கு உண்டு. ஆனால் ஒரே வங்கியில் உங்கள் பெயரில் எல்லாக் கிளைகளிலும் உள்ள அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். அதனால் எம்.டி. யாராக இருந்தாலும் நாலரை லட்சத்தை இங்கே வைத்துக்கொண்டு மீதியை வேறு வங்கிக்கு மாற்றுங்கள். முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டி எவ்வளவு குறையும் என்று கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கேயே யாராவது, டெபாசிட்டைவிட வட்டி கூடுதல் என்று வங்கியின் பாண்டை (கடன் பத்திரத்தை) நீட்டினால் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். சில பாண்டுகள் பங்கைப் போலவே ரத்தாகிவிடும். 2020-ல் யெஸ் வங்கியில் அப்படி ரத்தான பாண்டுகள் 8,415 கோடி ரூபாய்.