பவளத் தொட்டிக்கு எந்த மீடியா, எந்த ரியாக்டர்?

கேள்வி: சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் மூன்றடிப் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன். சம்ப்போடு (வடிகட்டும் சாதனங்கள் வைக்கும் துணைத் தொட்டி) சேர்த்து ஏறத்தாழ 200 லிட்டர். லெதர் பவளங்கள், காளான் பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள் உள்ளன. சில வாரங்களாகத் தண்ணீர் மஞ்சளாகத் தெரிகிறது. கண்ணாடியைத் துடைத்த மறுநாளே பச்சை படிகிறது. தண்ணீரைச் சுத்தப்படுத்தும் மீடியாவான கார்பனும், பாஸ்பேட்டைப் பிடிக்கும் ஜிஎஃப்ஓவும் போட்டு, அவற்றின் வழியே தண்ணீரைத் தள்ளும் இரட்டைக் குழாய் ரியாக்டரை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. மஞ்சள் நிறம் தண்ணீரில் கரைந்துள்ள கரிமக் கழிவால் வருவது. அதற்குக் கார்பன் போதும். பச்சைப் படிவுக்கு பாஸ்பேட் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அளந்து பார்க்காமல் ஜிஎஃப்ஓ போடுவது நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பதற்குச் சமம். ரியாக்டருக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் ஒரு நல்ல பாஸ்பேட் சோதனைக் கருவி வாங்குங்கள்.

கார்பன் உங்கள் தொட்டிக்கு அவசியம் என்றே சொல்வேன். லெதர் பவளங்கள் அக்கம்பக்கத்துப் பவளங்களை அண்டவிடாமல் இருக்க டெர்பீன் வகை நச்சுகளைத் தண்ணீரில் விடுகின்றன. கடலில் அவை அலையோடு போய்விடும். 200 லிட்டரில் எங்கே போகும்? கார்பன்தான் அவற்றைப் பிடித்து வைக்கும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அது குறைக்காது.

எந்தக் கார்பன் என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். சிரட்டைக் கரியில் செய்த கார்பன் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஏற்றுமதியாகும் நல்ல சரக்கு. குழாய் நீரில் குளோரினை நீக்க அருமையாக உதவும். ஆனால் அதன் துளைகள் மிக நுண்ணியவை. தண்ணீரை மஞ்சளாக்கும் பெரிய மூலக்கூறுகள் அவற்றுக்குள் எளிதில் நுழையமாட்டா. பழுப்பு நிலக்கரியில் செய்ததில் பெரிய துளைகள் மிகுதி. ஆனால் அது மென்மையானது, சீக்கிரம் பொடியாகும். கார்பன் தூசி சர்ஜன் மீன்களுக்கு முகத்திலும் பக்கவாட்டிலும் தோல் அரிக்கும் நோயோடு தொடர்புடையது என்பதால் இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். உங்களுக்கு நான் சொல்வது பிட்டுமினஸ் நிலக்கரியில் செய்த, கெட்டியான, சிறுமணிக் கார்பன்.

வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு கரண்டி கார்பனை ஒரு டம்ளர் ஆர்ஓ நீரில் இரவு முழுக்க ஊறவைத்துக் காலையில் அந்த நீரில் பாஸ்பேட் பாருங்கள். சில மலிவு ரகங்கள் பாஸ்பேட்டைத் தாமே கக்கும். அப்படியானால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தேறிய கார்பனில் அரைக் கோப்பையில் தொடங்கி ஒரு கோப்பை வரை போகலாம். கரி நிறம் வடியும்வரை அலசி, வலைப் பையில் கட்டி, சம்ப்பில் தண்ணீர் பாயும் இடத்தில் வையுங்கள். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். வேலை செய்கிறதா என்று அறிய, ஒரு வெள்ளைக் கோப்பையில் தொட்டி நீரும் இன்னொன்றில் புதிதாகக் கலந்த உப்புநீரும் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெல்ல ஏறும் மஞ்சள் தெரியாது. இரண்டு கோப்பையும் பக்கத்தில் நின்றால் தெரிந்துவிடும்.

இனி பாஸ்பேட். லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை இருந்தால் ஜிஎஃப்ஓவைத் தொடாதீர்கள். பூஜ்யத்துக்கு இறக்கினால் பவளம் வெளிறும். டைனோ எனப்படும் பழுப்புச் சளி படர இடம் கிடைக்கும், அதை விரட்டுவது பாசியை விரட்டுவதைவிடப் பல மடங்கு கடினம். 0.1-க்கு மேல் இருந்தால், முதலில் பாஸ்பேட் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். உறைந்த இறாலை உருக்கிய நீரை அப்படியே தொட்டியில் ஊற்றுகிறீர்களா? மீன் தின்று மீந்த உணவு எங்கே போகிறது? அங்கே குறைத்த பிறகும் அளவு இறங்காவிட்டால் அப்போது ஜிஎஃப்ஓ வாங்குங்கள்.

ஜிஎஃப்ஓ என்பது இரும்பு ஆக்சைடு மணிகள். இதே வகைப் பொருளைக் குடிநீரிலிருந்து ஆர்சனிக்கை நீக்கவும் பயன்படுத்துகிறார்கள். பாஸ்பேட்டுக்கென்று வெள்ளை அலுமினியம் ஆக்சைடு மணிகளும் விற்கின்றன. சீகெம் பாஸ்கார்ட் அந்த வகை. ரியாக்டர் இல்லாமல் பையில் போடலாம் என்பது அதன் வசதி. ஆனால் அது விடக்கூடிய சிறிதளவு அலுமினியத்துக்கே லெதர் பவளங்கள் சுருங்குவதுண்டு. உங்கள் தொட்டிக்கு இரும்புதான். உறையில் சொன்ன அளவில் பாதியோடு தொடங்குங்கள். பாஸ்பேட் ஒரே நாளில் சரிந்தால் பவளம் தாங்காது. சில நாளில் அளவு மறுபடி ஏறினால் மீடியா மோசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாறையிலும் மணலிலும் சேர்ந்திருந்த பாஸ்பேட் வெளியே வருகிறது, அவ்வளவுதான். ரியாக்டரிலிருந்து வெளிவரும் நீரை அளந்து பாருங்கள்: அதுவும் தொட்டி நீரும் ஒரே அளவு காட்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இரட்டைக் குழாய் வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான். ஜிஎஃப்ஓ மணிகள் மெல்ல அசைந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டியாகிவிடும். உலை கொதிக்கும் முன் மேல்நீர் லேசாக அலையுமே, அந்த அளவு அசைவு. கார்பனோ அசையவே கூடாது, உரசினால் பொடியாகும். ஒரே பம்பு ஒரே வேகத்தில் இரண்டுக்குள்ளும் தண்ணீரைத் தள்ளினால் ஒன்றுக்குப் பொருந்துவது மற்றதற்குப் பொருந்தாது. தீர்ந்துபோகும் காலமும் வேறு வேறு. ஒற்றைக் குழாய் ரியாக்டர், வேகத்தைக் குறைக்க ஒரு வால்வு, ஒரு சிறு பம்பு. போதும்.

கடையில் மூடியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். மரை சிக்கினால் வாங்காதீர்கள். ரப்பர் வளையமும் ஸ்பாஞ்சும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். தொட்டிக்கு வெளியே தொங்கவிடும் வகையைவிட, சம்ப்புக்குள் நிற்கும் வகையே அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்றது. என் வீட்டில் ஒருமுறை ரப்பர் வளையத்தடியில் ஸ்பாஞ்சு இழை ஒன்று மாட்டிக்கொண்டு இரவெல்லாம் கசிந்தது. ரியாக்டர் சம்ப்புக்கு வெளியே இருந்ததால் காலையில் கூடம் முழுக்க உப்புநீர். உங்கள் வீட்டில் அது கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும்.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். சமையலறை ஆர்ஓ நீரில்தான் உப்புக் கலக்கிறேன். டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 60 காட்டுகிறது. ஜிஎஃப்ஓ மாற்றி மாற்றிப் போட்டும் பாசி குறையவில்லை. ஏன்?

பதில்: குடிநீருக்கான பல கருவிகளில் டிடிஎஸ் கட்டுப்படுத்தி இருக்கும், ருசிக்காக வடிகட்டாத நீரைக் கொஞ்சம் கலந்துவிடும். சிலவற்றில் தாது சேர்க்கும் குழாயும் உண்டு. குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. ஆவியாகும் நீருக்கு ஈடாக நாள்தோறும் ஊற்றும்போது உப்புச் சத்துகள் ஏறிக்கொண்டே போகும். சிலிகேட், பாஸ்பேட் இருந்தால் அவையும் சேரும். ஆர்ஓ சவ்விலிருந்து நேராக வரும் நீரை, மிச்ச உப்புகளையும் பிடிக்கும் டிஐ ரெசின் குழாய் வழியாக விட்டு, டிடிஎஸ் பூஜ்யமாக்கிப் பயன்படுத்துங்கள். தீரத் தீர நிறம் மாறும் ரெசினே நல்லது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கல் பவளங்கள், கறுப்புப் பவளங்கள், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை 2001 முதல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உயிருள்ளதை மட்டுமல்ல, மன்னார் வளைகுடாவில் எடுத்த செத்த பவளக் கல்லை வைத்திருப்பதும் குற்றம். கடையில் விற்றார்கள் என்பது உங்களைக் காப்பாற்றாது. பீங்கானிலோ சிமென்டிலோ செய்த பாறையை வாங்குங்கள்.

கேள்வி: கோலாலம்பூர் வாசகன். அம்மோனியாவைப் பிடிக்க ஜியோலைட் என்ற தாதுக்கல் பொட்டலம் வாங்கலாமா? பாஸ்பேட் பார்க்கும் என் ஹன்னா மீட்டர் 30 காட்டுகிறது, 0.03 பாஸ்பேட் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: நன்னீரில் ஜியோலைட் அம்மோனியாவைப் பிடிக்கும். கடல்நீரில் சோடியமே அதன் இடங்களை நிரப்பிவிடுவதால் அந்த வேலைக்குப் பயனில்லை. பாக்டீரியா வளர்க்கும் முறைகளில் ஜியோலைட் பயன்படுவது வேறு கதை.

மீட்டர் எந்த மாதிரி என்று பாருங்கள். பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் பாஸ்பரஸ் காட்டும் மாதிரியானால் 3.066-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். அப்போது 30 என்பது லிட்டருக்கு 0.092 மில்லிகிராம் பாஸ்பேட். அதுவும் நல்ல எல்லைக்குள்தான் இருக்கிறது, ஜிஎஃப்ஓ வாங்காதீர்கள்.