வீடியோ போட்டும் பின்னம் புரியவில்லையா?

வணக்கம் டீச்சர். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டப் பள்ளியில் 12 நிமிட வீடியோவைப் புரொஜெக்டரில் போட்டும், நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் 1/3ஐவிட 1/4 பெரிது என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். 4 பெரிய எண் என்பதால் வரும் குழப்பம் இது.

கற்பித்தல் தொழில்நுட்பம் என்பது கருவி மட்டுமல்ல. எதைக் கற்பது, எப்படிப் பழகுவது, எப்படிச் சோதிப்பது என்ற திட்டமும் சேர்ந்ததுதான். வீடியோவை மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். முதல் நிறுத்தத்திலேயே ஆளுக்கு இரண்டு 24 செ.மீ. காகிதப் பட்டை கொடுங்கள். ஒன்றை மூன்றாக மடித்தால் ஒரு பங்கு 8 செ.மீ., நான்காக மடித்தால் 6 செ.மீ. பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கட்டும். அடுத்து 1/5, 1/6 இரண்டில் எது பெரிது என்று கேளுங்கள். எல்லாரும் சின்னப் பலகையில் எழுதி ஒரே நேரத்தில் தூக்கட்டும். கைதூக்கும் நாலு பேரை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இணைய லைன் மெதுவாக இருந்தால் முதல் நாளே வீடியோவைப் பென்டிரைவில் ஏற்றிவிடுங்கள்.