கொரோனாவில் வயிற்றுப்போக்கு: சிறுநீரைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 61. பத்து வருடமாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. மகனுக்குக் கொரோனா வந்ததால் கிட் வாங்கிப் பார்த்தேன், எனக்கும் பாசிட்டிவ். சளி, இருமல் எதுவும் இல்லை. நான்கு நாட்களாகத் தண்ணீராகப் பேதி, தினமும் ஆறேழு முறை. வாய்க்கசப்பு, வயிற்று இரைச்சல், நாக்கில் வெள்ளை, குமட்டல், உடம்பு வலி, எழுந்தால் லேசான தலைசுற்றல், சிறுநீரும் கொஞ்சமாக, மஞ்சளாகப் போகிறது. வைரஸ் குடலிலேயே தங்கிவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். 2021-ல் என் அண்ணனுக்கும் முதலில் பேதிதான் வந்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டார். அசித்ரோமைசின், பேதி நிற்க லோபராமைடு, ஜிங்க், வைட்டமின் சி நாளைக்கு நான்கு, உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் எடுக்கிறேன். வேறு என்ன மாத்திரை சேர்க்கலாம்?

பதில்: உங்களுக்கு அன்றைக்கே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இன்னும் பலர் இருப்பீர்கள் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அண்ணனைப் பற்றி. 2021 அலையில் இரண்டாவது வாரத்தில் இறந்தவர்களில் பெரும்பாலானோரைக் கொண்டுபோனது நுரையீரல் பாதிப்பு. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் நோயாளிக்கு மூச்சு வாங்குவதே தெரியாது. அந்த நாட்களில் நானே பலரை அப்படிப் பார்த்திருக்கிறேன். உங்கள் அண்ணனுக்கும் அதுதான் நடந்திருக்க வேண்டும். பேதி அவருக்கு முதலில் வந்தது, அவ்வளவுதான். அது உயிரை எடுக்கவில்லை. இந்த வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ‘ஏஸ்-2’ என்ற புரதம் நுரையீரலில் மட்டுமல்ல, சிறுகுடலின் உட்சுவரிலும் நிறைய இருக்கிறது. அதனால் பேதி வருவதில் புதுமை ஒன்றும் இல்லை. 2020 ஜனவரியில் அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட 35 வயது நோயாளியே, ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது இருமலோடு இரண்டு நாள் குமட்டல், வாந்தியும் இருப்பதாகச் சொன்னார். சிலருக்கு இருமலே இல்லாமல் வயிற்றோடு முடிந்துவிடும். பெரும்பாலும் சில நாட்களில் தானாக நின்றுவிடும்.

பேதி வந்ததால் நுரையீரலும் மோசமாகும் என்று அர்த்தம் இல்லை. உங்கள் மனசு ஆற, பத்தாம் நாள் வரை காலையும் மாலையும் விரலில் ஆக்சிஜன் மீட்டர் வைத்துப் பாருங்கள். அறைக்குள் ஆறு நிமிடம் நடந்துவிட்டும் ஒருமுறை பாருங்கள். 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி. போகாவிட்டால் அந்தப் பயத்தை இறக்கி வைத்துவிடலாம்.

இப்போது என்னைக் கவலைப்பட வைத்த வரிக்கு வருகிறேன். நாக்கு வெள்ளை, வாய்க்கசப்பு எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் ‘தலைசுற்றல், சிறுநீர் கொஞ்சம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. நான்கு நாள் பேதியில் உடம்பு வற்றி, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது.

சர்க்கரையும் பிபியும் இருக்கிறது என்று எழுதியவர், அதற்கு என்ன மாத்திரை என்று எழுதவே இல்லை. கேட்டு வாங்கினேன்: டெல்மிசார்ட்டானோடு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த பிபி மாத்திரை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின். எல்லாம் நல்ல மாத்திரைகள், உங்களுக்குத் தேவையானவை. ஆனால் உடம்பில் தண்ணீர் வற்றிய நாளில் இவை வேறு மாதிரி வேலை செய்யும். ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீராகத் தண்ணீரை இறக்கும் மருந்து. ஏற்கெனவே வற்றிய உடம்பிலிருந்து அது இன்னும் இறைக்கும். ரத்தம் குறைவாக வரும்போது சிறுநீரகம் தன் ரத்தக்குழாயை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்கும். டெல்மிசார்ட்டான் அந்த வழியை அடைத்துவிடும். மிச்சம் இருக்கும் ரத்த ஓட்டத்தையும் நீங்களாகச் சேர்த்துக்கொண்ட டைக்ளோஃபெனாக் குறைக்கும். இந்த மூன்றும் ஒரே வயிற்றில், அதுவும் பேதியோடு சேர்ந்தால், நேற்றுவரை நன்றாக இருந்த சிறுநீரகம் சில நாட்களில் படுத்துவிடும். பேதி என்று வந்து டயாலிசிஸ் வரை போனவர்களைப் பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சிறுநீரகம் தளர்ந்தால் மெட்ஃபார்மின் வெளியேறாமல் தேங்கி ரத்தத்தில் அமிலம் கூடலாம். டாபாகிளிஃப்ளோசினில் வேறொரு ஆபத்து: சரியாகச் சாப்பிடாத நாட்களில், உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ஏறும், ஆனால் சர்க்கரை அளவு 150, 180 என்றே காட்டும். ‘சுகர் நார்மலாத்தானே இருக்கு’ என்று வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். வாந்தி நிற்காமல், மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடினால், சர்க்கரை மீட்டர் என்ன காட்டினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

அதனால் டைக்ளோஃபெனாக்கை இப்போதே நிறுத்துங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். பிபி மாத்திரை, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் மூன்றையும் இரண்டு மூன்று நாள் நிறுத்திவைக்க வேண்டுமா என்று இன்றே உங்கள் மருத்துவருக்குப் போன் செய்து கேளுங்கள். இப்படிப்பட்ட நாட்களில் நாங்களே நிறுத்தச் சொல்வது வழக்கம்தான். இன்சுலின் போடுபவர்கள் மட்டும் அதை ஒருபோதும் தாங்களாக நிறுத்தக் கூடாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ரத்தத்தின் உப்புகளான சோடியம், பொட்டாசியம் மூன்றுக்கும் இன்றே ரத்தம் கொடுங்கள். எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது என்றால் போனும் வேண்டாம், பரிசோதனை முடிவும் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளுங்கள்.

‘வேறு என்ன சேர்க்கலாம்’ என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்க ஒன்றும் இல்லை, எடுக்கத்தான் இருக்கிறது. அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான மருந்து, கொரோனாவுக்கு அதனால் பயன் இல்லை. பேதி அதன் பக்கவிளைவுகளில் ஒன்று. ஜிங்க் குமட்டலைத் தரும். வைட்டமின் சி அதிகமானால் பேதியாகும். ஆக, உங்கள் வயிற்றுத் தொல்லையில் ஒரு பகுதி மருந்துக்கடையில் வாங்கியதுதான். லோபராமைடு எத்தனை முறை போகிறீர்கள் என்பதைக் குறைக்குமே தவிர, இழந்த தண்ணீரையும் உப்பையும் திருப்பித் தராது. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் அதைத் தொடவே கூடாது.

திருப்பித் தருவது ஓஆர்எஸ். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் காலரா நோயாளிகளுக்கு நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் சர்க்கரையையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். அந்த மருந்தை இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகள் ‘அதில் குளுக்கோஸ் இருக்கே’ என்று ஒதுக்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும். ஒரு லிட்டரில் இருப்பது 13.5 கிராம் குளுக்கோஸ்தான். பயப்படாமல் குடியுங்கள். பாக்கெட் முழுவதையும், அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் மொத்தமாகக் கரைக்க வேண்டும். டம்ளரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்குவது தவறு. ஒவ்வொரு முறை போய்விட்டு வந்ததும் ஒரு டம்ளர், வாய் வாயாக. அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி இல்லாதவற்றின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என 2025 அக்டோபரில் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது.

உப்புப் போட்ட கஞ்சி, மோர், ரசம் சாதம், இட்லி எல்லாம் சாப்பிடலாம், பட்டினி கிடக்காதீர்கள். இளநீர் மட்டும் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம், டெல்மிசார்ட்டான் எடுப்பவருக்குச் சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் அது ரத்தத்தில் ஏறிவிடும்.

யூடியூப் விஷயம். தொண்டையில் நெகட்டிவ் ஆன பிறகும் சில வாரங்கள் மலத்தில் வைரஸின் மரபணுத் துணுக்குகள் வரும் என்பது உண்மை. கழிவுநீரைச் சோதித்து ஊரில் தொற்று கூடுகிறதா என்று பார்ப்பதே அதை வைத்துத்தான். துணுக்கு கிடைத்தால் உயிருள்ள வைரஸ் உள்ளே குடியிருக்கிறது என்று ஆகிவிடாது. கழிப்பறையை மூடியபடி ஃபிளஷ் செய்து, சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

இரைச்சல், கசப்பு, நாக்கு வெள்ளை எல்லாம் பசி திரும்பும்போது போய்விடும், அவற்றுக்கு மருந்து வேண்டாம். வயிற்றை அமுக்கினால் பெரிதாக வலிக்காது, ஆனால் உள்ளே தாங்க முடியாத வலி என்றாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ அது வேறு கதை. நடுராத்திரியானாலும் போக வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும், கடையில் நீங்களாக வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு, இரண்டு பேரும் மாஸ்க் போட்டுக்கொண்டு போங்கள்.