உப்புக் காற்றும் பைக் செயினும்

கேள்வி: தூத்துக்குடியில் உப்பளத்துக்கு அருகே வேலை பார்க்கிறேன். என்னுடையது நான்கு ஆண்டு ஓடிய 125 சிசி பைக். மாதம் இரண்டு முறை தவறாமல் வாட்டர் சர்வீஸுக்கு விடுகிறேன். கழுவி முடித்ததும் செயினில் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றித் தருகிறார்கள். அப்படியும் செயின் துருப்பிடித்துச் சத்தம் போடுகிறதே, ஏன்?

பதில்: நீங்கள் வண்டியைக் கவனிக்காமல் விடவில்லை, கவனிக்கும் முறைதான் பிழை. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், கடலோரத்தில் வண்டியை அடிக்கடி கழுவுவது அவசியமே. ஆனால் பம்பின் அழுத்தத்தில் பீய்ச்சும் தண்ணீர் அழுக்கோடு சேர்த்துச் செயினின் எண்ணெயையும் அடித்துக்கொண்டு போவதுடன், சக்கர பேரிங்கின் சீலைத் தாண்டி உள்ளே புகுந்து கிரீஸையும் கெடுத்துவிடுகிறது. எஞ்சின் ஆறியபின், வீட்டுக் குழாய்த் தண்ணீரும் வாகன ஷாம்புவும் கொண்டு கழுவினால் போதும். துணி துவைக்கும் பவுடர் பெயின்ட்டின் பளபளப்பைக் கெடுக்கும். பளபளப்புக்காக டீசல் அடிக்கும் வழக்கத்தை நான் எந்த வண்டிக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அது ரப்பர் புஷ்களை உப்ப வைக்கும், பிரேக்கில் பட்டால் பிடிப்பே போய்விடும்.

பழைய ஆயிலில் எஞ்சின் தேய்ந்த உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கும். அதைச் செயினில் ஊற்றுவது தேய்மானத்தைக் காசு கொடுத்து வாங்குவதற்குச் சமம். செயின் கவரைக் கழற்றச் செய்து, மண்ணெண்ணெயில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் கறுப்புப் பிசுக்கைத் தேய்த்தெடுத்து, துணியால் துடைத்து உலரவிடுங்கள். பெட்ரோல் வேண்டாம். பிறகு 90 கிரேடு கியர் ஆயிலை, செயினின் உட்புறத்தில், கண்ணிகள் இணையும் இடங்களில் சொட்டுச் சொட்டாக விட்டு, மிகுதியைத் துடைத்துவிடுங்கள். வழிய விட்டால் மணல் ஒட்டும். சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறையும், கழுவி உலர்ந்த பின்பும் எண்ணெய் விடுவது நல்லது. இந்த வேலை முழுவதையும் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றியே செய்ய வேண்டும். கியரில் ஓடவிட்டுத் துணியால் துடைக்கப்போய் விரலை இழந்தவர்கள் உண்டு.

கவர் கழற்றியிருக்கும்போதே, பெரிய பல்சக்கரத்தின் பின்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி தெரியும் அளவுக்கு விலகி வந்தாலோ, பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தாலோ, எந்த எண்ணெயும் பயன்படாது. செயினையும் இரு பல்சக்கரங்களையும் செட்டாகவே மாற்றுங்கள். நன்றாக இருந்தால் தொய்வை மட்டும் சரிசெய்யலாம். இவ்வகை வண்டிகள் பலவற்றுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை தொய்வு சொல்லப்பட்டிருக்கும் என்றாலும், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதே இறுதியானது. கவரின் அடியில் ரப்பர் மூடி இருந்தால், அதை நீக்கி விரலால் செயினை மேலும் கீழும் அசைத்தே இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: காருக்கு வாங்கிய எஞ்சின் ஆயில் ஒரு லிட்டர் மீதமிருக்கிறது. பைக்குக்கு ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து இயங்குகின்றன. கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள் அந்தத் தட்டுகளை வழுக்க வைக்கும். ஆக்சிலரேட்டரைத் திருகினால் எஞ்சின் இரையுமே தவிர வண்டி இழுக்காது. கையேட்டில் உள்ள கிரேடில், டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (ஆயிலில் நனையும் பைக் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜப்பானியத் தரக்குறிகள்) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.