வீட்டு ஸ்டூடியோவில் பேஸ் கேட்பது: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டுத்திட்ட வீட்டில் பத்துக்குப் பத்தடி அறையொன்றை ஒலிப்பதிவுக்கு ஒதுக்கி, ஐந்து அங்குல மொனிற்றர் ஸ்பீக்கர் ஒரு சோடி வைத்திருக்கிறேன். அறை நடுவில் இருந்து கேட்டால் பேஸ் (கனத்த அடி ஒலி) காணாமற் போகிறது. கதவு மூலையில் நின்றால் இடிக்கிறது. பேஸுக்கென்றே உள்ள பத்து அங்குல சப்வூஃபர் ஸ்பீக்கர் வாங்கலாமா? (கிளிநொச்சி)

பதில்: இப்போது வாங்க வேண்டாம். பேஸ் குறைவது முதலில் உங்கள் கதிரை இருக்கும் இடத்தில். எங்கள் வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் செல்லும். பத்தடி என்பது 3.05 மீற்றர், ஆகவே எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையில் சரியாக அரை அலை அடங்கும் அதிர்வெண் 57 ஹேர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் சுவரோரங்களில் அழுத்தம் கூடி நிற்க, நட்ட நடுவில் ஏறத்தாழ ஒன்றுமே கேட்காது. நீளமும் அகலமும் ஒரே அளவாக இருப்பதால் இரு திசையின் குறையும் நடுவிலும், இரு திசையின் மிகையும் மூலையிலும் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. சப்வூஃபர் வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

கதிரையை முன்சுவரிலிருந்து நான்கடிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து அரையடி முன்னும் பின்னுமாக நகர்த்தி, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். காசு செலவழிப்பதானால் மூலைகளுக்குச் செலவழியுங்கள்: அங்கே சேரும் பேஸை உறிஞ்ச, ஆறு அங்குலத் தடிப்பில் ரொக் வூலை (பாறையிலிருந்து செய்யும் பஞ்சு) துணியால் மூடி, தரையிலிருந்து கூரை வரை நிறுத்த வேண்டும். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளால் வைப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தால், மாறியது அறையா உங்கள் எண்ணமா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: சுவர் முழுவதும் முட்டைத் தட்டு ஒட்டினால் பேஸ் கட்டுப்படுமா? (மாங்குளம்)

பதில்: படாது.

கேள்வி: பெட்டியில் 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை என்று அச்சிட்டிருந்த ஐந்து அங்குல ஸ்பீக்கர்களில் பக்திப் பாடல் ஒன்றை மிக்ஸ் செய்தேன். வீட்டில் அளவாக இருந்த பேஸ், கோயில் திருவிழாவின் பெரிய ஸ்பீக்கர்களில் பாடகரின் குரலையே மூடிவிட்டது. பிழை எங்கே? (மல்லாவி)

பதில்: பிழை அந்தப் பெட்டியில் அச்சிட்ட எண்ணில் தொடங்குகிறது. இதைப் பற்றி நான் எத்தனை தடவை எழுதினாலும் கடைகளில் அந்த எண்ணைக் காட்டித்தான் விற்கிறார்கள். எத்தனை டெசிபல் (ஒலியளவின் அலகு) குறைவுக்குள் என்று சொல்லாமல் அதிர்வெண் எல்லையை மட்டும் அச்சிடுவது, நிறையைச் சொல்லாமல் அரிசி மூட்டைக்கு விலை சொல்வதைப் போன்றது. 20 ஹேர்ட்ஸில் ஸ்பீக்கரின் கூம்பு சற்று அசைந்தாலே அந்த எண்ணை அச்சிட்டுவிடலாம். அது காதுக்குக் கேட்குமா என்பது வேறு கேள்வி. யமஹாவின் ஐந்து அங்குல எச்எஸ்5 மொனிற்றரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கீழெல்லை பத்து டெசிபல் குறைவை ஏற்றுக்கொண்டால் 54 ஹேர்ட்ஸ், மூன்று டெசிபல் குறைவுக்குள் என்றால் 74 ஹேர்ட்ஸ் என்று தயாரிப்பாளரே இரண்டையும் எழுதித் தருகிறார். பத்து டெசிபல் குறைந்தால் காதுக்கு ஒலி ஏறத்தாழப் பாதியாகத் தெரியும். பெயர்பெற்ற மொனிற்றர் ஒன்று 74இல் நிற்கும்போது, அதே அளவுக் கூம்புள்ள மலிவான பெட்டி 20இற்கு இறங்கும் என்பதை நம்பவே கூடாது.

பேஸ் கிற்றாரின் தடித்த தந்தி 41 ஹேர்ட்ஸில் ஒலிக்கிறது. சிறிய ஸ்பீக்கரில் அந்த 41 வராவிட்டாலும் அதன் மேற்சுரங்களான 82உம் 123உம் வருகின்றன. காது அவற்றைக் கொண்டே இல்லாத அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. ஆகவே பேஸ் இருக்கிறது என்றே நினைக்கிறோம், ஆனால் கனம் போதாதென்று உயர்த்திவிடுகிறோம். திருவிழா ஸ்பீக்கர் அந்த 41ஐ உண்மையாகவே எழுப்பும்போது, உயர்த்தியதெல்லாம் வெளியே வருகிறது. வவுனியாக் கடையொன்றில் இதே விதமான எண்ணைக் காட்டி எனக்கும் ஒரு சோடி விற்றார்கள். கூத்து மத்தளத்தின் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்க அடி அவற்றில் அட்டைப் பெட்டியைத் தட்டுவது போலத்தான் கேட்டது. இனி வாங்கப் போகும்போது 40, 50, 60, 80 ஹேர்ட்ஸ் தனிச்சுரங்களைக் கைப்பேசியில் கொண்டுபோய், கடையிலேயே ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். போட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய சப்வூஃபரைப் பிளக்கில் குத்தியதும் புகை வந்தது. அங்கேயே பழுதான பொருளைக் கொடுத்துவிட்டார்களா? (பரந்தன்)

பதில்: இல்லை. கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. பொருளுக்கு எத்தனை வோல்ற் என்பது பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும். சிலவற்றில் வோல்ற் மாற்றும் ஆளியும் இருக்கும். அண்ணா உழைத்த காசில் வாங்கிய பொருளுக்கு மின் கொடுக்கும் முன் அந்த ஒரு வரியை வாசித்திருக்க வேண்டும். இனி அதைத் திரும்பக் குத்திப் பார்க்காமல், தெரிந்த திருத்துநரிடம் கொடுங்கள். பியூஸ் மட்டும் போயிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கேள்வி: புதிது என்று சொல்லி விற்ற எட்டு அங்குல மொனிற்றர், இரண்டு கிழமையில் பேஸ் வரும் இடமெல்லாம் கரகரக்கிறது. முன்வலையைக் கழற்றினால் கூம்பின் விளிம்பைச் சுற்றிப் பசை தடவியிருக்கிறது, ஆணித் தலைகளும் தேய்ந்திருக்கின்றன. கடைக்காரர் நான்தான் கூடச் சத்தம் வைத்துக் கெடுத்தேன் என்கிறார். தையல் வேலையில் சேர்த்த காசு. (புதுக்குடியிருப்பு)

பதில்: தங்கச்சி, உங்களில் ஒரு பிழையும் இல்லை. சத்தம் கூடினால் சுருள் கருகலாம், விளிம்பு கிழியலாம். ஆனால் பசை தானாக வராது, ஆணித் தலையும் தேயாது. பழைய கூம்பைத் திருத்திப் புதிது என்று விற்றிருக்கிறார்கள். இனி எதையும் கழற்றாமல், அந்தப் பசையையும் ஆணிகளையும் தொடரிலக்கத்தையும் வெளிச்சத்தில் படம் எடுத்து, பற்றுச்சீட்டின் பிரதியுடன் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். ஆகவே கடைக்காரர் சொல்லும் தவணைகளுக்குக் காத்திருக்க வேண்டாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் வழி கேட்கலாம். கடைக்குத் திரும்பிப் போவதானால் தனியே போகாதீர்கள், பொருளை அங்கே விட்டு வருவதானால் எழுத்தில் ஒப்பம் வாங்காமல் விடாதீர்கள்.

கேள்வி: இரவில்தான் நேரம் கிடைக்கிறது. ஹெட்ஃபோனில் மட்டும் பேஸைத் தீர்மானிக்கலாமா? (முள்ளியவளை)

பதில்: மோசமான அறையை விட நல்ல ஹெட்ஃபோன் பேஸை உண்மையாகச் சொல்லும். காதை மூடும் வகையில் மெத்தை முழுதாகப் பொருந்த வேண்டும். மூக்குக்கண்ணாடியின் காம்பு இடைவெளி விட்டாலே அடி பேஸ் கசிந்துவிடும். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று படமாகக் காட்டும் வொக்செங்கோவின் இலவச ஸ்பான் மென்பொருளில், உங்களுக்குப் பிடித்த பாடலின் 40 முதல் 100 ஹேர்ட்ஸ் வரையான பகுதியை உங்கள் மிக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஸ்பீக்கரில் ஓயாமல் ஒரு இரைச்சல், பேஸோடு கலந்துவிடுகிறது. (ஒட்டுசுட்டான்)

பதில்: எங்கள் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்கான 100உம் பேஸ் இருக்கும் இடத்திலேயே வந்து உட்காரும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், எல்லாவற்றையும் ஒரே மின்செருகியிலிருந்து எடுத்து, ஸ்பீக்கருக்கு, வழியில் கலக்கும் இரைச்சலைக் குறைக்கும் பலன்ஸ்ட் கேபிள் போடுங்கள். ஏர்த் ஊசியை வெட்டச் சொல்பவர் எவரையும் வீட்டுக்குள் விடாதீர்கள். அதனால் ஆளே சாகலாம்.