பவளக்காரத் தெருவில் யூதர்கள்

கேள்வி: ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெருவுக்கும் யூதர்களுக்கும் தொடர்பு உண்டாமே? (மண்ணடி வாசகி ஒருவர்)

பதில்: உண்டு. ஸ்பெயினும் போர்ச்சுகலும் யூதர்களை விரட்டியபின் பல குடும்பங்கள் ஆம்ஸ்டர்டாம், லிவோர்னோ, லண்டன் என்று சிதறின. அந்த வழியில் 1680களில் மதராசுக்கு வந்தவர்தான் ஜாக் தெ பைவா. வந்த காரணம் கோல்கொண்டா வைரம்.

வைரம் வாங்கச் சரக்கு வேண்டுமே? இத்தாலியின் லிவோர்னோவில் பட்டை தீட்டிய மத்தியதரைக் கடல் பவளம் லண்டன் போகும். கிழக்கிந்திய கம்பெனியிடம் அனுமதி வாங்கி, கட்டணம் கட்டி, கம்பெனிக் கப்பலிலேயே இங்கே வரும். விற்ற பணத்தில் வைரம் வாங்கி அதே வழியில் திருப்பி அனுப்புவார்கள். செவ்வாய்க்கு உரிய கல் என்று நம்மவர்கள் பவளத்தை விடமாட்டார்கள். அதனால் சரக்கு தேங்கவில்லை. போன சரக்குக்குப் பணம் கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நடுவில் கப்பல் மூழ்கினால் முதலே போச்சு. ஆகவே இரு முனையிலும் சொந்தக்காரர்களையே வைத்தார்கள்.

செல்வாக்கும் குறைவில்லை. 1688இல் தொடங்கிய மதராஸ் மாநகராட்சியின் 12 ஆல்டர்மென்களில் (மாநகராட்சி மன்றத்தின் மூத்த உறுப்பினர்கள்) 3 பேர் யூத வணிகர்கள்.

கேள்வி: பிறகு ஏன் காணாமல் போனார்கள்?

பதில்: 1720களில் பிரேசிலில் வைரம் கிடைத்தது, கோல்கொண்டா வைரத்துக்கு இருந்த தனி மவுசு போயிற்று. வந்தவர்களில் பலர் லண்டன் குடும்பங்களின் முகவர்கள், குடும்பத்தோடு வேரூன்றியவர்கள் கொஞ்சமே. தெருவின் பெயர் மட்டும் தங்கிவிட்டது.